மூன்று டயரின் தேதி உள்பக்கம் இருந்தது
கோவையில் ஒரு டயர் கடையில் நான் ஏமாந்த கதை இது. கடை பெயரை எழுதப் போவதில்லை. டயர் கம்பெனி பெயரும் வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை. கார் மாற்றாமல் டயர் மட்டும் மாற்றப் போகிறவர்கள், குறிப்பாக என்னைப் போல "மச்சான் சொன்ன கடை" என்று நம்பிப் போகிறவர்கள், ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டயர் அளவு 165/80 ஆர்14. 2025 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், நான்கு டயரும் மொட்டையாகும் நிலைக்கு வந்துவிட்டன. டயரின் பள்ளத்துக்குள்ளே குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகள், தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். என் டயர்கள் கிட்டத்தட்ட அங்கே வந்திருந்தன. நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன, உள் ஓரம் வெளி ஓரம் என்று வித்தியாசம் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடை பெரிய கடைதான். கண்ணாடி அறை, ஏசி, காபி மெஷின், டிவி. முதலாளி நன்றாகப் பேசினார். "சாதா டயர் நாலாயிரத்து இருநூறு சார். ஆனா உங்களுக்கு ஆல் சீசன் போட்டுத் தர்றேன், நாலாயிரத்து அறுநூறு. வெயில், மழை, மலை ஏறுறது, எல்லாத்துக்கும் ஒரே டயர்" என்றார். நான் மாதம் ஒரு முறை குன்னூர் போய் வருகிறவன். மழை, மலை என்ற இரண்டு வார்த்தை போதும், விழுந்துவிட்டேன்.

இந்த ஆல் சீசன் விஷயத்தை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பனி கொட்டுகிற நாடுகளில் கோடைக்கு ஒரு செட், குளிருக்கு ஒரு செட் என்று டயர் மாற்றுவார்கள். குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடியை விட ஆரம்பிக்கும், அதனால். மாற்றி மாற்றிப் போட முடியாதவர்களுக்கு நடுவாந்தரமாக வந்ததுதான் ஆல் சீசன். அதன் பக்கவாட்டில் பெரும்பாலும் 'எம் ப்ளஸ் எஸ்' என்று போட்டிருக்கும், சேறும் பனியும் என்று பொருள். அதையும் கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே போட்டுக்கொள்ளலாம். பனிச்சாலையில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் மூன்று முகடு மலையும் நடுவில் பனித்துகளும் உள்ள முத்திரை. எனக்கு விற்ற டயரில் இரண்டுமே கிடையாது. நம் ஊரில் எல்லோரும் வருஷம் பூராவும் ஓட்டுகிற அதே சாதாரண டயர். அதற்கு ஆல் சீசன் என்று பெயர் வைத்து டயருக்கு 400 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார். கோயம்புத்தூரில் என்ன பெரிய சீசன்? வெயில், ரொம்ப வெயில், ஐப்பசி மழை. அதற்கு மேல் யோசிக்க எனக்கு அன்று தோன்றவில்லை.

ஆனால் இந்த 1,600 ரூபாய் சின்ன விஷயம். பெரியது வேறு.

எனக்கும் ஓரளவு விவரம் தெரியும் என்று காட்டிக்கொள்ள, "தயாரிப்புத் தேதி பாக்கணுமே" என்றேன். முதலாளி முகம் மலர்ந்தது. "தாராளமா பாருங்க சார், விவரமான கஸ்டமர்" என்று ஒரு பையனைக் கூப்பிட்டு ஒரு டயரை உருட்டிவரச் சொன்னார். அதில் சாக்பீஸால் வட்டம் போட்டே வைத்திருந்தார்கள். 3824. அதாவது 2024-ன் 38-வது வாரம், செப்டம்பர். நாலு மாதச் சரக்கு. திருப்தியாகிவிட்டது. கண்ணாடி அறைக்குள் போய்க் காபி குடித்தேன். மற்ற மூன்று டயரும் எங்கிருந்து வந்தன, எப்போது ரிம்மில் ஏறின என்று எனக்குத் தெரியாது. டிவியில் ஏதோ பழைய கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

காபி முடிவதற்குள் அடுத்தது வந்தது. "சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்க. கேம்பர் அவுட்." கேம்பர் என்றால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்து நிற்கிற கோணம். கம்ப்யூட்டர் திரையில் சிவப்புக் கட்டம் காட்டினார்கள். சரி பண்ணவில்லை என்றால் புது டயர் ஐயாயிரம் கிலோமீட்டரில் ஒரு பக்கமாகத் தின்றுவிடும், பொறுப்பு நாங்கள் இல்லை என்றார்கள். 1,600 ரூபாய் கொடுத்தேன். ஸ்விஃப்டின் முன்சக்கரத்தில் அலைன்மென்ட் கடையில் திருகிச் சரிசெய்ய முடிவது 'டோ' மட்டும்தான், அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கிற அளவு. கேம்பருக்குத் திருகாணியே கிடையாது. அது தவறியிருந்தால் ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தண்டு) வளைந்திருக்க வேண்டும் அல்லது புஷ் (ரப்பர் இணைப்பு) போயிருக்க வேண்டும், அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். இவர்கள் செய்வது ஜாக்கி மாதிரி ஒன்றைக் கொடுத்து ஸ்ட்ரட்டை நெம்பி வளைப்பது. நல்லதாக இருந்ததையும் கெடுக்கும் வேலை. அதுவும் உண்மையிலேயே கேம்பர் தவறியிருந்தால் என் பழைய டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருக்கும். அப்படித் தேயவில்லை என்றுதான் மேலே சொன்னேனே. அந்தப் பழைய டயர்கள் என் கண் முன்னால்தான் கிடந்தன. ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாம்.

கணக்கு இப்படி வந்தது: டயர் 18,400, கேம்பர் 1,600, அலைன்மென்ட், பேலன்சிங், ஈயக்கட்டி எல்லாம் சேர்த்து 900, வால்வு 400, நைட்ரஜன் 200. மொத்தம் 21,500. பழைய டயருக்கு 1,200 கழித்து 20,300. (நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதி 22-க்கு 200 ரூபாய்.) பத்தாயிரத்தை ஜிபேயில் அனுப்பினேன், மீதியைப் பணமாகக் கேட்டார்கள், கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில் போட்டா இன்னும் ஏறும் சார், கம்பெனி வாரண்டிக்கு எங்க சீட்டே போதும்" என்று 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். அதில் டயர் எண் இல்லை, கம்பெனி பெயர்கூட இல்லை. '4 டயர் செட்' என்று மட்டும் எழுதியிருந்தது. மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மாதம் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. வண்டியில் கொஞ்சம் சத்தம் கூடியது போல இருந்தது, ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளி லீவில் குடும்பத்தோடு குன்னூர் போய்விட்டுத் திரும்பி இறங்கினோம். நல்ல மழை. பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டேன், வண்டி திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல் ஒரு வினாடி தன் போக்கில் வழுக்கிக்கொண்டு போனது. எதிரே பஸ் வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மேட்டுப்பாளையம் வந்ததும் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். காத்து குறைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். காத்து சரியாகத்தான் இருந்தது. அவர் கட்டை விரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பட்டன் இடுக்குகளில் டார்ச் அடித்தார். "தம்பி, இத எங்க வாங்குனீங்?"

சொன்னேன். ஒன்பது மாதம்தான் ஆகிறது என்றும் சொன்னேன்.

"ஒம்பது மாசமா? பட்டன் நெறைய இருக்குதுங், ஆனா ரப்பர் கல்லாட்டம் ஆயிருச்சு. இங்க பாருங், முடி முடியா வெடிப்பு. மழைல எப்படிங் புடிக்கும்?" என்றவர், ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி வைத்தார். உள்பக்கத்தைத் துணியால் துடைத்தார். 1120.

2020-ன் 11-வது வாரம். மார்ச் இரண்டாவது வாரம். ஊரடங்கு அறிவித்தது அந்த மாதம் 24-ம் தேதி ராத்திரி. நாம் எல்லாம் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு கிடந்த நாளில் இந்த டயரும் ஏதோ ஒரு குடோனில் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு கிடந்திருக்கிறது. அடுத்த சக்கரமும் 1120. மூன்றாவது 4519, அது 2019 நவம்பர். நான்காவதில் மட்டும் தேதி வெளிப்பக்கம் இருந்தது. 3824. சாக்பீஸ் வட்டம் போட்ட அதே டயர்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தேதியோடு கூடிய முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது வழக்கம். மறுபக்கம் 'டாட்' (DOT) என்ற எழுத்துகளும் பாதி எண்ணும் இருக்கும், கடைசி நான்கு இலக்கம் இருக்காது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்ற மாதிரி பட்டன் உள்ள டயரில் மாட்டுகிற பையன் கைக்கு வந்தபடி மாட்டுவான். அதனால் தேதி உள்ளே போனாலே மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழையது மூன்றும் உள்ளே, புதியது ஒன்று மட்டும் வெளியே என்றால் அதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பெரியவர் அதோடு விடவில்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார்த்தார். கார் வந்த நாளில் இருந்து அதுதான், 2014. பதினொரு வயது. "இது அவுங்க ஏமாத்துனது இல்லீங், நீங்களே ஏமாந்தது" என்று சிரித்தார். காசு கொடுத்தபோது, காத்து பார்த்ததற்கு என்று இருபது ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார்.

திங்கள்கிழமை கடைக்குப் போனேன். முதலாளிக்கு என்னை ஞாபகம் இல்லை, அல்லது இல்லாதது போல இருந்தார். முதலில் "எங்க டயர்தானா சார் இது?" என்றார். எஸ்டிமேட் தாளைக் காட்டினேன். "இதுல நம்பர் இல்லையே." அப்புறம் குரல் மாறியது: "டயர் ஓடாம இருந்தா வயசு ஆகாது சார், பத்து வருஷம் வரைக்கும் தாங்கும்." இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. வெயில் படாமல், குளிர்ச்சியான இடத்தில் நிறுத்தி வைத்த டயர் மெதுவாகத்தான் கெடும். ஆனால் ரப்பர் காற்றுபட்டு இறுகுவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் நடந்துகொண்டேதான் இருக்கிறது, சூட்டில் இன்னும் வேகமாக. டயர் கம்பெனிகள் சொல்லும் பத்து வருஷம் என்பது எப்படிப்பட்ட டயருக்கும் கடைசி எல்லை. ஆறு வருஷத்திலேயே மாற்றிவிடச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு. அந்தக் கணக்கில் புதுசு என்று சொல்லி எனக்கு விற்றபோதே முக்கால்வாசி ஆயுள் போயிருந்தது.

வாரண்டிக்காகக் கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். மரியாதையாகப் பேசினார். பில் இல்லையென்றால் தயாரித்த வாரத்தில் இருந்து ஐந்து வருஷம்தான் கணக்கு என்றார். 1120 இரண்டுக்கும் நான் வாங்கி இரண்டு மாதத்தில் வாரண்டி முடிந்துவிட்டது. 4519-க்கு நான் வாங்கும் முன்பே முடிந்திருந்தது!

பிறகு 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்தேன். அவர்களும் முதலில் கேட்டது பில்தான். கைகொடுத்தது அந்த ஜிபே ரசீது ஒன்றுதான். கடை பெயர், தேதி, தொகை மூன்றும் அதில் இருந்தன. புகார் எண்ணையும் டயர் படங்களையும் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு ஐந்தாயிரம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார். வாங்கிக்கொண்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருஷம் வரை நேரமும் இருந்தது. ஆனால் லீவு போட்டு அலைய எனக்குத் தெம்பில்லை. போயிருக்க வேண்டும் என்று மச்சான் இப்போதும் சொல்கிறான். கடையைக் காட்டியதே அவன்தான் என்பதை நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஐந்தாயிரத்தோடு பழைய மூன்று டயரையும் கடையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டன் நிறைய இருக்கிற டயர், துடைத்துப் பாலிஷ் போட்டால் இன்னொருத்தர் வண்டியில் ஏறிவிடும்.

புது டயர் வேறு கடையில் வாங்கினேன். 2025 செப்டம்பர் 22-ல் டயருக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதனால் முறையான பில்லோடு வாங்கியும் பழைய விலையை விடக் குறைவாகத்தான் வந்தது. இந்த முறை கண்ணாடி அறைக்குள் போகவில்லை. நான்கு டயரையும் ரிம்மில் ஏற்றும் முன் தரையில் படுக்க வைக்கச் சொல்லி இரண்டு பக்கமும் பார்த்தேன். 165/80 ஆர்14, 85டி, ஐஎஸ்ஐ முத்திரை, தேதி. அந்த 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு, அதற்குக் குறைந்த எண் உள்ளதைத் தலையில் கட்டுவதும் நடக்கிறதாம். நான்கையும் படம் எடுத்து, நான்கு எண்ணையும் பில்லில் எழுதச் சொன்னேன். தேதி வெளிப்பக்கம் வருகிற மாதிரி மாட்டச் சொன்னேன். பேலன்சிங் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அலைன்மென்ட் பாக்கணுமா சார்?" என்றான். டோ மட்டும் பார் என்றேன். பழைய டயர் காசு வேண்டாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், வண்டியிலேயே ஏற்று என்றேன்.

3824 இப்போது ஸ்டெப்னியாக டிக்கியில் இருக்கிறது. மற்ற மூன்றையும் பக்கவாட்டில் அறுவாளால் ஆழமாகக் கீறி, மண் நிரப்பி, மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். ஒன்றில் புதினா, இரண்டில் தக்காளி.