உப்புக்காற்றில் எது தாங்கும்: ஃபியூஜி 16-ஆ, 18-ஆ?

ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் தெருப்படம் எடுக்க ஃபியூஜி கேமராவுக்குச் சின்னதாக ஒரு அகலக் கோண லென்ஸ் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில்தான் தடுமாறுவார்கள்: எக்ஸ்எஃப் 16 எஃப் 2.8, எக்ஸ்எஃப் 18 எஃப் 2. 16, 18 என்பது மி.மீ. கணக்கில் குவியத் தூரம்; எண் சின்னதானால் காட்சி அகலும். எஃப் என்பது துவார அளவு; எண் சின்னதானால் வெளிச்சம் கூடுதலாக நுழையும். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராக்களின் கணக்கில் இவை 24-உம் 27-உம். 18 மூத்தது, 2012-இல் எக்ஸ்-ப்ரோ1 கேமரா கூடவே வந்தது, எடை 116 கிராம். 2019-இல் வந்த 16-க்கு 155 கிராம். எடையைப் பார்த்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

முதலில் கோணம். மூன்று மீட்டர் அகலக் காட்சியை ஃப்ரேமுக்குள் அடக்க 16-க்கு 2.04 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 18-க்கு 2.30. வித்தியாசம் ஒரு அடிகூடக் கிடையாது. ரத வீதி மாதிரி அகலமான இடத்தில் அரை எட்டு பின்னால் வைத்தால் கணக்கு சரியாகிவிடும். கீழக்கரைச் சந்துகளில் அப்படி முடியாது; முதுகு ஏற்கெனவே எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். அங்கே அந்த 26 செ.மீ. பெரிய விஷயம்.

அகலம் கூடினால் ஒரு குறையும் உண்டு. 16-இல் ஓரத்தில் நிற்கும் ஆளின் முகம் இழுபடும். தலையில் கூடையோடு வருகிறவரை ஃப்ரேமின் விளிம்பில் வைத்தால் கூடை முட்டை வடிவத்துக்குப் போய்விடும். ஆட்களை நடு மூன்றில் இரண்டு பங்குக்குள் வைத்து, ஓரத்தைச் சுவருக்கும் படகுக்கும் விடுவது நல்லது. அக்னி தீர்த்தப் பக்கமிருந்து கிழக்குக் கோபுரத்தை எடுக்கும்போது கேமராவை அண்ணாந்தால் இரண்டிலுமே கோபுரம் பின்னால் சாயும், 16-இல் அது கண்ணை உறுத்தும். கேமராவை மட்டமாகப் பிடித்துக் கீழே தெருவைக் கூடுதலாக வாங்கி, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். (கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. பிரகாரத்தை மனதில் வைத்து 16 வாங்க நினைத்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.)

இன்னொன்று: 16-இல் நேர்க்கோடுகள் பீப்பாய் மாதிரி வெளியே வளையும்; அதைக் கேமராவின் மென்பொருள்தான் நிமிர்த்துகிறது. லென்ஸ் புரொஃபைலை (அந்தத் திருத்தக் குறிப்பை) படிக்காத மென்பொருளில் ரா ஃபைலை, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் படத்தை, திறந்தால் கதவு நிலை வில்லாக நிற்கும். பயந்து லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பகலில் ஆட்டோஃபோகஸை நம்பியிருக்கத் தேவையில்லை. எஃப் 8-இல் 16-ஐ 1.6 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால் 0.8 மீட்டர் முதல் தொடுவானம் வரை தெளிவு. 18-ஐ 2 மீட்டருக்கு வைத்தால் ஒரு மீட்டர் முதல். இரண்டிலும் தூர அளவு பொறித்திருக்காது, திரையில் வரும் அளவுகோலைத்தான் பார்க்க வேண்டும். மெனுவில் அந்த அளவுகோல் பிக்சல் அடிப்படையில் இருந்தால் மிகக் கறாராகக் காட்டும். ஃபிலிம் அடிப்படைக்கு மாற்றினால் மேலே சொன்ன கணக்கோடு ஒத்துப்போகும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, ஷட்டர் வேகம் 1/1000 நொடி. தனுஷ்கோடி மணல் வெயிலைத் திருப்பி அடிக்கும், அங்கே 1/1600.

ஆட்டோஃபோகஸே வேண்டுமென்றால் 16 சத்தமில்லாமல் ஓடும். 18-இன் மோட்டார் முனகும், கொஞ்சம் தயங்கும். திண்ணையில் அசந்திருக்கும் பெரியவர் அந்தச் சத்தத்துக்கே திரும்பிப் பார்ப்பார். அதைவிட, “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று முதலிலேயே கேட்டுவிடுவது மேல். கீழக்கரையில் “காக்கா” (அண்ணன் என்று பொருள்) என்று கூப்பிட்டுக் கேளுங்கள்.

18-க்காகப் பேச வேண்டிய இடம் இருட்டு. விடியலுக்கு முன் மீன் இறங்குமிடத்தில் 16-க்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்டால் 18-க்கு 3200 போதும். ஆனால் எஃப் 2-இல் அதன் ஓரங்கள் மசமசவென்றிருக்கும், எஃப் 5.6-இல்தான் தேறும். ஏலம் கூறுகிறவர் நடுவில் நின்றால் ஆதாயம். கூட்டம் மொத்தமும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 2 உதவாது. எல்இடி விளக்கடியில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் எந்த லென்ஸிலும் படத்தில் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி வேலை நடக்கும். வலை பின்னும் விரல்களை முன்னே வைத்து, பின்னால் படகின் அணியத்தை (முன்முனையை) கொண்டுவர 16 ரொம்பத் தோது. அதன் 17 செ.மீ. கிட்டத் தூரம் சென்சாரிலிருந்து கணக்கு. கண்ணாடி முகப்புக்கும் விரலுக்கும் நடுவில் அரைச் சாண்தான் இருக்கும். 18-உம் 18 செ.மீ. வரை வரும்.

ஆனால் இந்தக் கரையில் வழக்கைத் தீர்ப்பது காற்று. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடித்தால் மணலும் உப்புத் திவலையும் சேர்ந்து வரும். 16-இன் மவுண்டில் (கேமராவோடு பொருந்தும் இடத்தில்) ரப்பர் வளையம் உண்டு, 18-இல் இல்லை. அதனால் என் ஓட்டு 16-க்கு, ஒரு நிபந்தனையோடு: கேமரா பாடியும் தூசும் ஈரமும் புகாதபடி சீல் செய்ததாக இருக்க வேண்டும். எக்ஸ்-டி5, எக்ஸ்-ப்ரோ3 போன்றவற்றில் அது உண்டு. எக்ஸ்-டி30, எக்ஸ்-இ4-இல் கிடையாது. அவற்றில் 16-இன் காப்பு பாதிதான், அப்போது மலிவாகக் கிடைக்கும் பழைய 18-ஐ யோசிக்கலாம்.

எதுவானாலும் முன்னால் ஒரு பாதுகாப்பு ஃபில்டர் போடுங்கள்: 16-க்கு 49 மி.மீ., 18-க்கு 52. உப்புப் படலம் ஏறினால் எதிர்வெயிலில் படம் முழுக்க வெளிறும். வெறும் துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். முதலில் புளோயர், பிறகு லென்ஸ் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர். ஏசி அறையிலிருந்து கிளம்பும்போது ஜிப் பையில் போட்டு இருபது நிமிஷம் கழித்து எடுத்தால் ஆவி படியாது. தனுஷ்கோடியில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

பழைய 18 வாங்குகிறவர்கள் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. துவார வளையம் விரல் பட்டதும் வழுக்குகிறதா என்று சுழற்றுங்கள். மவுண்ட் திருகுகளின் தலையில் துருவோ வெள்ளைப் பூப்போ இருந்தால், அந்த லென்ஸ் ஏற்கெனவே கடலைப் பார்த்தது. விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.