ரிசீவரின் ஹெட்போன் துளையா, டொங்கிளா, தனி அம்ப்பா: 32 ஓமுக்கு ஒரு விடை, 300 ஓமுக்கு வேறு விடை

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ திருகடலையூரிலோ பழைய ஸ்டீரியோ ரிசீவர் இருக்கிற வீடென்றால், இரவில் மற்றவர்கள் படுத்த பிறகு கை தானாக அதன் முகப்பிலுள்ள 6.35 மில்லிமீற்றர் துளைக்குத்தான் போகும். அந்தத் துளை நல்லதா, கூடாததா என்று மட்டும் கேட்டால் விடை சொல்ல முடியாது. அதில் எந்த ஹெட்போனைச் செருகப் போகிறீர்கள், அதன் ஓம் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) எவ்வளவு என்பதில்தான் விடை இருக்கிறது.

1970, 80களின் ரிசீவர்கள் பெரும்பாலானவற்றில் ஹெட்போனுக்கென்று தனிச் சுற்றே கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டிலிருந்தே சனலுக்கு ஒரு றெசிஸ்டரைத் தொடராகப் போட்டுத் துளைக்கு இழுத்திருப்பார்கள். 220 முதல் 470 ஓம் வரை இருக்கும். 330 ஓம் அடிக்கடி கண்ணில் படும். 8 ஓமில் 50 வாட் தரும் அம்ப் என்றால் உச்சத்தில் 20 வோல்ட். 330 ஓம் றெசிஸ்டர் தாண்டி 300 ஓம் ஹெட்போனுக்கு அதில் சுமார் 9.5 வோல்ட், அதாவது 300 மில்லிவாட் கிடைக்கும். 32 ஓம் ஹெட்போனுக்கு 1.8 வோல்ட், ஏறக்குறைய 100 மில்லிவாட். இரண்டுமே காதுக்குத் தேவையானதை விட மிக அதிகம். ஆகவே சத்தம் போதாது என்ற பேச்சே இங்கே இல்லை.

கரைச்சல் வருவது பேஸில். ஹெட்போனின் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. சென்ஹைசர் எச்டி 600 பெயருக்கு 300 ஓம், ஆனால் 100 ஹேர்ட்ஸ் பக்கம் 500 ஓமைத் தொடும். றெசிஸ்டரும் ஹெட்போனும் வோல்டேஜைப் பங்கிடும்போது, ஹெட்போனின் ஓம் கூடிய இடத்தில் அதற்குக் கூடிய பங்கு போகும். ஆகவே 330 ஓம் துளையில் அந்த இடம் 2 டெசிபல் உயரும். கொஞ்சம் கொழுத்த சத்தம். பலருக்கு அது பிடித்தும் இருக்கும். 32 ஓம் ஹெட்போன் ஒன்று அதே இடத்தில் 60 ஓமுக்கு ஏறுகிறது என்று வைத்தால், உயர்வு 5 டெசிபலுக்குக் கிட்ட வரும். மிருதங்கத்தின் தொப்பி அடி முழங்கி, பாட்டுக்காரரின் குரலை மூடிவிடும். பல டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு பாகம்) வைத்து, காதுக்குள் செருகும் இன்-இயர்களின் ஓம் இன்னும் தாறுமாறாக ஆடும். அவற்றை இந்தத் துளையில் போடவே வேண்டாம். பிளேனர் வகை (தட்டையான மெல்லிய படலத்தால் ஒலி எழுப்பும் ஹெட்போன்) மட்டும் விதிவிலக்கு. அதன் ஓம் நேர்கோடு போல இருப்பதால் சத்தம் குறையுமே தவிர ஒலியின் நிறம் மாறாது.

அந்த றெசிஸ்டருக்கு ஒரு நன்மையும் உண்டு, அதை ஒருவரும் சொல்வதில்லை. 32 ஓம் ஹெட்போனில் அம்பின் இரைச்சலையும் உறுமலையும் அது 21 டெசிபல் அமுக்கிவிடும். வொல்யூம் குமிழையும் தாராளமாகத் திருப்பலாம். பழைய குமிழ்கள் தொடக்கத்தில் ஒரு பக்கம் கூட, மறு பக்கம் குறைய என்று இழுக்கும். அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

புதிய ரிசீவர்களில் பலவற்றில் ஓப்-அம்ப் எனும் சின்ன அம்ப் சிப் ஒன்று ஹெட்போனை ஓட்டும். வெளியீட்டு ஓம் (துளையின் பக்கத்தில் ஹெட்போனுக்குத் தொடராக நிற்கும் தடை, பழையதில் அந்த 330) குறைவாக இருக்கலாம், 100ஐத் தாண்டியும் இருக்கலாம். வோல்டேஜ் மட்டும் பழையதைப் போல் வராது. கையேட்டில் ஹெட்போன் வெளியீடு என்ற வரியைப் பாருங்கள். சினிமா ரிசீவர் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஹெட்போன் செருகியதும் போலிச் சுற்றொலி தானாக ஏறலாம். யமஹாவில் அதற்குப் பெயர் சைலன்ட் சினிமா. பாட்டுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

கையேடு இல்லையா? மல்டிமீற்றர் போதும். போனிலிருந்து 50 ஹேர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் இல்லாமல் ஒரு வெறும் பிளக்கில் ஏசி வோல்டேஜை 1.00க்குக் கொண்டுவாருங்கள். பிறகு அதே முனைகளுக்குக் குறுக்கே 33 ஓம், 1 வாட் றெசிஸ்டரை வைத்து மீண்டும் அளவுங்கள். எவ்வளவு வோல்டேஜ் குறைந்ததோ அதை, மிஞ்சிய வோல்டேஜால் பிரித்து 33ஆல் பெருக்க வேண்டும். 0.09 வோல்ட் மிஞ்சினால் 333 ஓம். 0.80 மிஞ்சினால் 8 ஓம், அது நல்ல துளை. ஹெட்போனின் ஓம் வெளியீட்டு ஓமைப் போல எட்டு மடங்காவது இருந்தால் கவலையில்லை.

330 ஓம் என்று தெரிந்தும் 32 ஓம் ஹெட்போன்தான் கையில் என்றால், சின்னப் பெட்டி ஒன்றில் சனலுக்கு ஒரு 10 ஓம் றெசிஸ்டரை ஹெட்போனுக்குக் குறுக்கே போடலாம். வெளியீட்டு ஓம் பத்துக்குக் கீழே வந்துவிடும். உச்சத்தில் 6 மில்லிவாட் மிஞ்சும். சாதாரண ஹெட்போனுக்கு அது 100 டெசிபலுக்கு மேல். ஓப்-அம்ப் வைத்த ரிசீவரில் இதைச் செய்யாதீர்கள், சிப் மூச்சுத் திணறும்.

டொங்கிள், அதாவது போனில் செருகி ஹெட்போனை இணைக்கும் சின்ன வயர், அதன் விஷயம் சுருக்கமானது. அப்பிளின் யூஎஸ்பி-சி டொங்கிள் 1 வோல்ட் தருகிறது, வெளியீடு 1 ஓம் அளவில். 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட். 330 ஓம் துளையை விடத் தெளிவாகவே கேட்கும். 300 ஓமுக்கு 3 மில்லிவாட்தான், சத்தம் குறைவாகப் பதிந்த கச்சேரிக்குப் போதாது. ஐரோப்பாவில் விற்பது 0.5 வோல்ட் வகை, வாங்கும்போது பாருங்கள்.

தனி ஹெட்போன் அம்ப் வாங்கினால் ரிசீவரின் டேப் அவுட்டில் (டேப்பில் பதிவதற்கான வெளியீடு) கொடுங்கள். அங்கே வொல்யூமும் பேஸ், ட்ரெபிள் குமிழ்களும் வேலை செய்யாது. குறைந்த சத்தத்தில் பேஸைக் கூட்டித் தரும் லௌட்னஸ் சுவிட்ச் போட்டே கேட்டுப் பழகியவருக்கு ஒலி வெறுமையாகத் தோன்றும். 300 ஓம் ஹெட்போனும் நல்ல பழைய ரிசீவரும் இருக்கிறவர் இதற்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. 32 முதல் 80 ஓம் வரை இரண்டு மூன்று ஹெட்போன் வைத்திருப்பவருக்கு இது தகும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் துளையைப் பாருங்கள். கடலுக்குப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று உள்ளே இருக்கும் சுவிட்ச் தகடுகளைக் கறுக்க வைக்கும், வாடைக்காலத்து ஈரத்தில் இன்னும் வேகமாக. பல பழைய ரிசீவர்களில் ஸ்பீக்கருக்கான ஓட்டம் அந்தத் தகடுகள் வழியாகத்தான் போகிறது. ஹெட்போனைக் கழற்றிய பிறகு ஒரு ஸ்பீக்கர் ஊமையானால் அம்ப் பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, கொன்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு பிளக்கில் விட்டு, பதினைந்து தரம் செருகி எடுங்கள். சின்ன பிளக்கை 6.35 துளைக்குப் பொருத்தும் கனத்த உலோக அடாப்டர் துளையை நெம்பி உடைக்கலாம். சிறு வயர் வைத்த அடாப்டர் பாதுகாப்பு.

பாவித்த யப்பான் ரிசீவர் என்றால் பின்தகட்டில் 100 வோல்ட் என்று இருக்கிறதா என்பதை முதலில் வாசியுங்கள். இருந்தால் 230 வோல்ட்டை இறக்கும் ட்ரான்ஸ்போர்மர் இல்லாமல் பிளக்கைச் சுவரில் குத்தாதீர்கள்.