நாணய ரோல் வாங்க மூன்று வழிகள்: எந்த விற்பனையாளரை எவ்வளவு நம்பலாம்?

எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1995-இல் வெளியான, திருவள்ளுவர் உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயங்கள் ஐம்பது அடங்கிய ரோல் ஒன்றுக்காக, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய விற்பனையாளருக்குப் பணம் கட்டினேன். புதுச்சேரியில் என் வீட்டுக்கு வந்த பொட்டலம் கண்ணாடித்தாளில் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. இரு முனைகளிலும் வள்ளுவர் பளிச்சென்று தெரிந்தார். தாளைப் பிரித்ததும், இரண்டாவது காசிலிருந்தே 5 என்ற எண் பெரிதாகப் பொறித்த, கை பட்டுக் கறுத்த வழக்கமான ஐந்து ரூபாய்கள் சரிந்து விழுந்தன. தராசில் வைத்திருந்தாலும் இந்த ஏமாற்று பிடிபட்டிருக்காது. இரண்டும் ஒரே செம்பு-நிக்கல் கலவை, ஒரே 9 கிராம், ஒரே 23 மில்லிமீட்டர் விட்டம். ஐம்பதும் சேர்ந்தால் எப்படியும் 450 கிராம்தான். ஆனால் ரோலின் பக்கவாட்டை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முனைக் காசுகளின் விளிம்பு வெள்ளையாக மின்ன, நடுவில் இருந்தவற்றின் விளிம்புப் பள்ளங்களில் அழுக்கு கோடாகப் படிந்திருந்தது. விற்பனைப் படத்தில் அந்தப் பக்கவாட்டு மட்டும் இல்லை.

ரோலில் நாம் பார்ப்பது இரண்டு காசுகளை. விலை கொடுப்பது ஐம்பதுக்கு. ஆகவே எந்த வழியில் வாங்கினாலும், பார்க்காத நாற்பத்தெட்டைப் பற்றி விற்பவர் எவ்வளவு காட்டச் சம்மதிக்கிறார் என்பதை வைத்தே இங்கு மூன்று வழிகளையும் எடைபோடுகிறேன்.

முதல் வழி, எல்லாப் பொருளும் விற்கும் பெரிய இணைய வணிகத்தளங்கள். இங்கு அதிகம் கண்ணில் படும் சொல் "பிரிக்காத ரோல்" என்பது. அமெரிக்காவில் இது பழைய வித்தை: ஐம்பது ஒரு-சென்ட் காசுகள் கொண்ட காகித ரோலின் முனையில் பழைய, விரும்பத்தக்க காசு ஒன்றைத் தெரியும்படி வைத்து, உள்ளே யாரும் தேடிப் பார்க்கவில்லை என்று எழுதி விற்பார்கள். காகித ரோலின் விளிம்பை மடித்து அழுத்தும் கருவியை யாரும் வாங்கலாம் என்பதால், மடிப்பின் பழமைத் தோற்றம் எதையும் நிரூபிப்பதில்லை. நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளிலிருந்து புழக்கத்துக்கான காசுகள் ரிசர்வ் வங்கி வழியாக வங்கிகளுக்குப் போகின்றன. அதன் பிறகு யார் எந்தத் தாளில் சுற்றினார் என்பதற்கு யாரும் சாட்சி இல்லை. பிளாஸ்டிக் உறைமேல் ஒட்டிய "மிண்ட் சீல்" (நாணயச்சாலை முத்திரை) என்ற சீட்டுக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரமாட்டேன்.

ஆயினும் இந்த வழிக்கு ஒரு பலம் உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் வணிகப் பெயரையும் முகவரியையும் தளம் காட்டியாக வேண்டும். பொருளைத் திருப்பியனுப்பும் வசதி பெரும்பாலும் இருக்கும். பொட்டலத்தை முகவரிச் சீட்டு தெரியும்படி, இடையில் நிறுத்தாமல் காணொளி எடுத்துக்கொண்டே பிரித்தால் முறையீடு நிற்கும். நான் அப்படிச் செய்யவில்லை. பணம் திரும்ப வரவுமில்லை.

இரண்டாவது வழி, வாட்ஸ்அப், பேஸ்புக் சேகரிப்பாளர் குழுக்களில் நடக்கும் ஏலம். இங்கே விற்பவர்களுக்கு விஷயம் தெரியும். அதுவே நன்மை, அதுவே ஆபத்து. பணம் முன்னரே போய்விடும், திருப்பித் தருவது அவர் மனசு. ஆனால் பணம் அனுப்புமுன் கேள்வி கேட்க இங்கே இடமுண்டு. உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிய துண்டுச்சீட்டை ரோலுக்குப் பக்கத்தில் வைத்து, பக்கவாட்டிலிருந்து புதிதாக ஒரு படம் கேளுங்கள். ஐம்பதும் ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலைதானா என்றும் கேளுங்கள். ஆண்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைரக்குறி என்றால் மும்பை, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. குறிகள் கலந்திருந்தால் அது பின்னால் சேர்த்துக் கட்டிய ரோல். அதை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் குற்றமில்லை, ஒரே பையிலிருந்து வந்தது என்று விற்றால் ஏமாற்று. நேர்மையானவர் இவற்றுக்குச் சலிக்காமல் பதில் தருவதைப் பார்த்திருக்கிறேன். "பிரித்தால் மதிப்புப் போய்விடும்" என்று பக்கவாட்டுப் படத்துக்கே மறுப்பவரிடம் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். விளிம்பைப் படமெடுக்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போடச் சொன்னால் அது இரண்டாவது திருட்டு, ஏனெனில் யூபிஐயில் பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை.

மூன்றாவது வழி, நேரில் வாங்குவது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தை போன்ற இடத்தில் துணி விரித்து விற்பவரிடமோ, ஊரறிந்த நாணய வியாபாரியிடமோ ரோலைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். கடலூர்க்காரர்களுக்கும் பேருந்தில் எட்டிவிடும் தூரம்தான். உலோகம் எதுவென்று பார்க்கச் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் போதும்: 1992 முதல் வந்த 4.85 கிராம் எஃகு ஒரு ரூபாய் ஒட்டும், செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய் ஒட்டாது. தேர்வு குறைவு, விலை கூடுதல். ஆனால் "பிரிச்சுப் பாருங்க சார், எண்ணிக்கோங்க" என்று ஒருவர் கத்தரிக்கோலை நீட்டும்போது அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தம் இருக்கிறது.

நேரில் என்றாலும் ஒரு பொருளில் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். லில்லிப்பூ ஒரு பக்கமும் "புதுச்சேரி" என்ற தமிழ் எழுத்து மறுபக்கமும் கொண்ட பிரெஞ்சுக் காலச் செப்புக் காசுகளைக் கட்டாக விற்றால், இரண்டை எடுத்து அடுத்தடுத்து வையுங்கள். கையால் அடித்த காசுகளில் முத்திரை ஒவ்வொன்றிலும் சற்று விலகி விழுந்திருக்கும். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பள்ளம், விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு என்று இருந்தால் அவை வார்ப்பில் ஊற்றியவை.

என் முடிவு இதுதான்: சிறப்பு வெளியீட்டு ரோல் என்றால் நேரில், நேரில் கிடைக்காவிட்டால் திருப்பியனுப்பும் வசதியுள்ள வணிகத்தளம், பலமுறை சிறு தொகையில் வாங்கிப் பழகிய ஒருவர் இருந்தால் மட்டும் குழு ஏலம். 2020-இல் புழக்கத்துக்கு வந்த பன்னிரு பக்க இருபது ரூபாய் போன்ற இன்றைய காசுகளுக்கு இந்த மூன்றும் வேண்டாம், வங்கிக் கிளையில் முகமதிப்புக்கே கேட்டுப் பெறலாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உரையாடலை அழிக்காமல், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கே இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.