தனியாக இருக்கும் வீட்டுக்கு மூன்று கட்டை டிரான்சிஸ்டர்: டெல்டாவில் எப்படி எடுக்கிறது?

2020 மார்ச் 25 அன்று கொரோனாவுக்காக 21 நாள் ஊரடங்கு தொடங்கியபோது, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, கும்பகோணம், மாயவரம், மன்னார்குடித் தெருக்களில் ஒற்றை ஆளாக வீட்டுக்குள் இருந்துவிட்ட பெரியவர்கள் ஏராளம். மறுபடியும் 2021 மே மாதம் அதே நிலை. டிவி இருந்தது, செல்போனும் இருந்தது. ஆனால் டிவிக்கு கரண்ட்டும் ரீசார்ஜும் வேண்டும். செல்போனுக்குக் கண்பார்வையும் டேட்டாவும் வேண்டும். அதில் வந்து விழும் வதந்திகளைச் சலித்தெடுக்கும் பொறுமையும் வேண்டும். குரல் கேட்க வேண்டும், அது குறித்த நேரத்துக்கு வர வேண்டும், வெளியே போய் எதையும் வாங்காமல் ஓட வேண்டும் என்றால் மூன்று பெரிய பேட்டரிக் கட்டை போடும், மீடியம் வேவ், எஃப்.எம். என்று இரண்டு பேண்ட் எடுக்கும் டிரான்சிஸ்டருக்கு ஈடாக வேறொன்று இல்லை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரணப் பெட்டிதான். ஆனால் சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியான இடத்தில் வைக்கவில்லையென்றால் ஒரே வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மீடியம் வேவ் இருக்கிறதா என்பது. இப்போது கடைகளில் நிறைந்திருப்பவை புளூடூத், பென் டிரைவ், மெமரி கார்டு, எஃப்.எம். எல்லாம் சேர்ந்த சார்ஜ் பெட்டிகள். பார்க்க அழகாக இருக்கும், பலவற்றில் மீடியம் வேவ் இருக்காது. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் மீடியம் வேவில்தான் டெல்டா முழுக்கப் பரவுகிறது. அது இல்லாத பெட்டி இந்த மண்ணுக்குப் பாதிப் பெட்டிதான். 1939-இல் தொடங்கிய நிலையம் அது. 1960-களில் ஆடுதுறை 27 நெல் ரகத்தை இந்த நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு கிராமம் கிராமமாகக் கொண்டுபோனதால்தான் தஞ்சை விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றார்கள். அந்தத் தலைமுறைக்கு வானொலி பழகிய குரல். தனிமையில் புதிதாக ஒன்றைப் பழகுவதைவிட, பழகியது திரும்பி வருவது பெரிய ஆறுதல்.

சார்ஜ் பெட்டியில் இன்னொரு குறை, பட்டனை அழுத்தி ஸ்டேஷனைத் தேடவிடும் முறை. சிக்னல் மெலிந்த ஸ்டேஷனை அது தாண்டிப் போய்விடும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சில வருடத்தில் தளர்ந்துவிடும். கடைகள் பூட்டிய காலத்தில் மாற்ற வழியில்லை. திருகும் குமிழும் முள்ளும் உள்ள பெட்டி இதற்கெல்லாம் மேல். கை நடுங்குகிறவர்களுக்குக் குமிழ் பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஸ்டேஷன் கிடைத்ததும் கண்ணாடியின் மேல் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் தேடும் வேலை மிச்சம்.

முள்ளை எங்கே நிறுத்துவது? மீடியம் வேவில் எண்களைப் பெரும்பாலும் பத்தால் வகுத்துப் போட்டிருப்பார்கள்; எனவே 936 என்பது 100 என்று போட்டிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால். எஃப்.எம்மில் மூன்று இடங்கள்: திருச்சி ரெயின்போ 102.1, காரைக்கால் 100.3, கொடைக்கானல் 100.5. கடைசி இரண்டும் முள் பெட்டியில் ஒட்டினாற்போல வரும். நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் காரைக்கால்தான் ஓங்கிக் கேட்கும். மேற்கே திருச்சியை நெருங்க நெருங்கக் கொடைக்கானல் தலையெடுக்கும். நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறும்; ஏரியலைச் சாய்த்துத்தான் பிரிக்க முடியும். வேதாரண்யம், கோடியக்கரைக் கரையோரத்தில் இலங்கைத் தமிழ் எஃப்.எம். நிலையங்களும் தெளிவாகக் கேட்கும். கடலுக்கு மேலே வரும் அலைக்குக் குறுக்கே எதுவும் இல்லை.

எடுக்கவில்லை என்று புகார் வருகிற பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்டி மேல் தப்பில்லை, வைத்த இடம்தான் தப்பு. மீடியம் வேவுக்கு வெளியே நீட்டும் ஏரியல் உதவாது. பெட்டிக்குள் மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு ஃபெரைட் கம்பி இருக்கிறது, அதுதான் ஏரியல். அந்தக் கம்பியின் நுனி அல்ல, நீளப்பக்கம் நிலையத்தைப் பார்க்க வேண்டும். டெல்டாவில் எங்கிருந்தாலும் திருச்சி ஏறக்குறைய மேற்கேதான். எனவே பெட்டியின் முகம் கிழக்கையோ மேற்கையோ பார்க்க வைத்தால் போதும். வடக்கு தெற்காக முகம் காட்டினால் சத்தம் பாதியாகிவிடும். ராத்திரியில் தூரத்து நிலையங்கள் குறுக்கிட்டு விசில் சத்தம் வந்தால், பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் விசில் அடங்கும்.

ஓட்டு வீட்டில் எங்கே வைத்தாலும் எடுக்கும். கான்கிரீட் மாடி வீட்டில் உள்ளே இருக்கும் கம்பிகள் அலையைத் தடுக்கும். ஜன்னலோரம் அல்லது திண்ணைதான் இடம். எஃப்.எம்முக்கு ஏரியலை முழுசாக இழுத்து நிமிர்த்த வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கான முக்கால் மீட்டர் ஏரியலுக்கு நல்ல அளவு. பெட்டியோடு வருவது பெரும்பாலும் அதைவிடக் குட்டை. ஒரு துண்டு ஒயரின் முனையைச் சீவி ஏரியல் நுனியில் சுற்றி, மொத்த நீளம் முக்கால் மீட்டர் வரும்படி மேலே தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

பிறகு இரைச்சல். மீடியம் வேவில் ‘கொர்’ரென்று வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கிறது: எல்.ஈ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், செட்டாப் பாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக இன்வெர்ட்டர். கண்டுபிடிக்க ஒரே வழி, பெட்டியைக் கட்டையில் ஓடவிட்டு மெயினை அணைத்துப் பார்ப்பது. இரைச்சல் நின்றால் ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். கரண்ட்டில் ஓட்டினால் பல பெட்டிகளில் ஒரு ‘ஹம்’ சேர்ந்துகொள்ளும். மீடியம் வேவ் கேட்பதானால் கட்டையில் கேளுங்கள்.

கட்டை எத்தனை நாள் வரும்? சாதாரண டார்ச் கட்டை மூன்று, நடுத்தரச் சத்தத்தில், ஏறத்தாழ 100 மணி நேரம். தினம் நான்கு மணி நேரம் கேட்டால் மூன்று வாரத்துக்கு மேல். முதல் 21 நாள் ஊரடங்கு முழுதும் ஒரே செட் கட்டையில் தாண்டியிருக்கும். சின்ன பென்சில் பேட்டரி இரண்டு போடும் பெட்டி இதில் நாலில் ஒரு பங்குகூட ஓடுமா என்பது சந்தேகம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தைத் தாக்கி, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். ஆறு கட்டை கையிருப்பு வீட்டில் இருக்கட்டும்.

புதியதையும் பழையதையும் கலந்து போடாதீர்கள். பழையது முதலில் தீர்ந்து கசியும். சத்தம் கூட்டும்போது குரல் கிழிந்தால் கட்டை முடிந்தது என்று அர்த்தம், அன்றே எடுத்துவிடுங்கள். கசிந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் ஈரத் துணியில் துளி ஆப்ப சோடா தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்த்தி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். நாகை, காரைக்கால் பக்கம் உப்புக் காற்றில் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் பெட்டியை அணைத்துவிட்டு, இருபது முப்பது தடவை முழுசாக முன்னும் பின்னும் திருகினால் பெரும்பாலும் சரியாகும்.

நாள் முழுக்க ஓடவிட வேண்டாம் என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓயாமல் ஓடும் ரேடியோ சுவர்க்கடிகாரம் மாதிரி, அது இருப்பதே காதுக்குத் தெரியாமல் போகும். காலையில் மங்கள இசை, செய்தி, மத்தியானம் ஒரு நிகழ்ச்சி, சாயங்காலம் ஒன்று என்று நேரம் குறித்துக் கேட்டால்தான் தனியாக இருக்கும் நாளுக்கு ஒரு கட்டுக்கோப்பு வரும். கோயில் நடை சாத்திய காலத்தில் விடியற்காலை நாகஸ்வரம் வீட்டுக்குள் வந்தது வானொலி வழியாகத்தான். நாகஸ்வரத்திலேயே வளர்ந்த ஊர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. தை மாதம் திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்னக் கீர்த்தனை நேரடியாக வரும்போது, கூடவே பாட ஒரு கூட்டம் கிடைக்கிறது. கொள்ளை நோய்க் காலம் மறுபடி வந்தால், அந்தச் செய்தியை மட்டும் நாளுக்கு இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டி பேசும், பதில் கேட்காது. அதனால் நேயர் விருப்பம், தொலைபேசி வழி நிகழ்ச்சி எதுவாக இருந்தாலும் கூப்பிட்டுப் பேசலாம், கூச்சம் வேண்டாம். பெட்டியின் முதுகில் ஒரு தாள் ஒட்டி, பெரிய எழுத்தில் பிள்ளைகள் எண், பக்கத்து வீட்டு எண், மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567, மனசு சரியில்லாதபோது பேச 14416 என்று எழுதி வையுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வாங்கி அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மார்க்கெட்டுக்கான டிஜிட்டல் பெட்டிகளில் மீடியம் வேவ் 10 கிலோஹெர்ட்ஸ் படியில் நகரும். 930, 940 என்று தாண்டும், 936-இல் நிற்காது. 9 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றும் வசதி உள்ளதா என்று பாருங்கள். காது மந்தமானவர்களுக்கு இயர்போன் துளை அவசியம். இந்தப் பெட்டிகளில் அது மோனோ, அதாவது இடம் வலம் பிரியாத ஒரே ஒலி. செல்போன் இயர்போனைச் செருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கும். ஒரு நூல் அளவு வெளியே இழுத்து வைத்தால் பல பெட்டிகளில் இரண்டு காதிலும் வந்துவிடும்.