கார் கதவுக்காகச் சுவர்ப் பட்டை வாங்குகிறவர்கள் கவனத்திற்கு: என் 11,400 ரூபாய் போனது இப்படித்தான்

நேற்று மதியம் கார் கதவு இடித்துச் சேதமாகாமல் இருக்க எங்கள் போர்டிகோச் சுவரில் ஒட்டியிருந்த பன்னிரண்டு கறுப்புப் பட்டைகளில் ஏழு, பட்டியும் பெயிண்டுமாகச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்தன. மீதி ஐந்தை நானே உரித்துப் போட்டேன். 11,400 ரூபாய் கொடுத்து அவற்றை ஒட்டி இருபத்து நான்கு நாள்தான் ஆகிறது. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

திருப்பூருக்கு அருகே இரண்டே முக்கால் சென்டில் கட்டிய வீடு எங்களுடையது. போர்டிகோவின் உள் அகலம் எட்டரை அடி. நிற்பது ஸ்விஃப்ட் கார். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே அதன் அகலம் 1,735 மில்லிமீட்டர், அதாவது ஐந்தடி எட்டங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். என் மாமனாருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து காலை மடக்க முடிவதில்லை என்பதால், கதவை முழுவதும் திறந்தால்தான் இறங்குவார். அப்படித் திறக்கும்போதெல்லாம் கதவின் விளிம்பு சுவரில் இடித்து, ஓரத்துப் பெயிண்ட் உதிர்ந்து தகரம் தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டு அவர், "மாப்ள, இனிமே நான் கேட்டுக்கு வெளியவே எறங்கிக்கறனுங்க" என்றார். பேரன் பேத்தியைப் பார்க்க வருகிற அப்புச்சி தெருவில் இறங்கி நடப்பதா என்று மனம் பொறுக்காமல்தான் அன்றிரவே இணையத்தில் தேடினேன்.

எல்லாப் பொருளும் விற்கிற ஓர் இணையச் சந்தையில் "சுவர்க் காப்பு ரப்பர்" என்று ஒருவர் போட்டிருந்ததைப் பார்த்துப் பதிவு செய்தேன். மறுநாள் காலையிலேயே விற்பவர் அழைத்தார். "ஏனுங்ணா, நீங்க அவிநாசிப் பக்கமுங்களா? எங்க அம்மாயி ஊரும் அங்கதானுங்க" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் கரைந்துவிட்டேன். சுவரின் நீளம், உயரம், வெயில் படும் திசை எல்லாம் கேட்டார். மாமனாரின் முழங்காலைப் பற்றியும் விசாரித்தார். "பெரியவங்க இருக்கற ஊடுங்களா, அப்படின்னா கெட்டிச் சரக்காவே குடுத்தர்றனுங்க. அந்த ஆர்டரை ரத்துப் பண்ணிட்டு எனக்கே நேராப் போட்டு உட்ருங்க, கமிஷன் மிச்சமாகும், ஆளனுப்பி ஒட்டியும் தர்றனுங்க" என்றார். சுவர் முழுவதற்கும் பன்னிரண்டு பட்டை, ஒன்று 950 ரூபாய் என்று கணக்குச் சொன்னார். 11,400 ரூபாயை அந்த நிமிடமே அனுப்பினேன். பில் கேட்டதற்குப் பையனிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். வந்த பையன் சுவரைத் துணியால்கூடத் துடைக்காமல், பின்பக்கத் தாளை உரித்து ஒட்டிவிட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டான். பில் வரவில்லை.

விழுந்த பட்டை ஒன்றை நேற்று பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். மேலே கறுப்புத் தோல், உள்ளே முழுக்க வெள்ளை நுரை. நான் வேலை செய்கிற பனியன் கம்பெனியில் புதுத் தையல் இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளுக்குள் வைத்திருப்பார்களே, அதே பேக்கிங் நுரை. கட்டைவிரலால் அழுத்திய குழி அரை மணி நேரம் கழித்தும் எழவில்லை. கதவு இடித்த இடத்தில் விளிம்பின் அச்சு கோடாகப் பதிந்து, அடியில் சுவர் வரைக்கும் போயிருந்தது. அந்தக் கறுப்புச் சாயம் கதவிலும் ஏறியிருக்கிறது. வெள்ளைக் கார், துடைத்தும் போகவில்லை.

விற்றவரை உடனே அழைத்தேன். முதலில் "உங்க சுவருதானுங்க சரியில்ல" என்றார். சுவரைப் பார்த்துத்தானே ஒட்டினீர்கள் என்றதும், ஒட்டிய பையன் ஊருக்குப் போயிருக்கிறான், வந்ததும் அனுப்புகிறேன் என்றார். படங்களை அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. மாலையில் என் எண்ணையே தடுத்துவிட்டார். அந்த இணையச் சந்தையின் வாடிக்கையாளர் சேவையில் மூன்று பேரிடம் மாறி மாறிப் பேசினேன். ரத்து செய்த ஆர்டருக்குத் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று மூவரும் ஒரே வாசகத்தைப் படித்தார்கள். அப்படியானால் அந்த விற்பனையாளரின் முகவரியையாவது கொடுங்கள் என்றதற்கு, அது நிறுவனத்தின் கொள்கைக்கு எதிரானதாம். 11,400 ரூபாய் என் அரை மாதக் குடும்பச் செலவு. சுவருக்கு மறுபடி பட்டி பார்க்கவும் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கவும் ஆகப்போவது தனி.

இதில் என்னை அதிகம் எரிப்பது இன்னொன்று. நேற்று மாலை கதவின் விளிம்பில் சாக்பீஸ் தடவி மெதுவாகத் திறந்து பார்த்தேன். சுவரில் முன்கதவுக்கு ஒரு கோடு, பின்கதவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். இரண்டு பட்டைக்கு மேல் எனக்குத் தேவையே இருந்ததில்லை. பன்னிரண்டை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். இணையச் சந்தைக்கு வெளியே நேராகப் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வாங்கும் முன் ஓர் ஓரத்தை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பம்ப் உதிரிபாகக் கடைகளில் எடை போட்டு விற்கிற ரப்பர் ஷீட்டைக் கையால் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சுவரில் கையைத் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுகிறதென்றால் எந்தப் பசையும் நிற்காது, துளையிட்டு வாஷரோடு திருகாணி போட வேண்டும்; திருகாணியின் தலை ரப்பருக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே கதவைக் கீறும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகாரைப் பதிந்துவிட்டேன். பணம் அனுப்பிய விவரத்தை இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கும் சொல்லியிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் திங்கட்கிழமை அங்கும் போகிறேன். சற்று முன் மனைவியின் கைபேசியிலிருந்து அந்த விற்பனையாளரை அழைத்துப் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.