போஷ் டிஷ்வாஷர்: கடாய் புரோகிராம் தினமும் வேண்டாம்

இந்தியச் சமையலுக்கென்று போஷ் தரும் ‘இன்டென்சிவ் கடாய்’ புரோகிராம் சொன்னதைச் செய்கிறது. 70 டிகிரி வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்த மசாலாவும் கழன்று வந்துவிடும். ஆனால் பல வீடுகளில் டம்ளர், தட்டுக்கும் இதையே போடுகிறார்கள். பில் ஏறுவது அங்கேதான்.

டிஷ்வாஷர் இழுக்கும் கரன்டில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. மின்சாரம் மிச்சப்படுத்தும் ‘இகோ’ புரோகிராம் 50 டிகிரியோடு நிறுத்திக்கொண்டு, சூட்டில் குறைத்ததை நேரத்தில் ஈடுகட்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் சுமார் 1 யூனிட்தான். தண்ணீர் 10 லிட்டர் அளவு. தினம் ஒரு லோடுக்கு இரண்டு மாதத்தில் 60 யூனிட் ஆகும். கடாய் புரோகிராமில் இது ஒன்றரை மடங்கு வரை போகலாம். தமிழ்நாட்டில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு அந்தக் கூடுதல் 30 யூனிட் கட்டண ஸ்லாபையே மாற்றிவிடும். அடிப்பிடித்த குக்கரை இரவே ஊறப்போட்டால் இகோவே போதும்.

மெஷின் நிறையட்டும், பாதி லோடுக்குச் செலவு பாதியாகாது. குழாயடியில் கழுவிவிட்டு அடுக்குவதும் வீண். எச்சிலை வழித்துக் கொட்டினால் போதும். ஆனால் கடுகும் கறிவேப்பிலையும் உள்ளே போகக் கூடாது. சுழன்று தண்ணீரைப் பீய்ச்சும் ஸ்ப்ரே ஆர்மின் துளையில் கடுகு சிக்கினால் மேல்தட்டுக் கிண்ணங்கள் அழுக்காகவே வரும். வாரம் ஒருமுறை அடியிலுள்ள ஃபில்டரைத் திருகி எடுத்து அலசுங்கள். அடுக்கி முடித்ததும் ஆர்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கரண்டிக் காம்பு தட்டினால் அது சுழலாது.

போர் தண்ணீர் வீடுகளில் அதிகம் தவறுவது உப்பில், அதாவது கடின நீரை மென்மையாக்க மெஷினில் போடும் டிஷ்வாஷர் உப்பில். கடினத்தன்மை 375 பிபிஎம் தாண்டினால் எல்லாம் சேர்ந்த ‘ஆல் இன் ஒன்’ சோப்பு மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. தனியாக உப்பு போட்டே ஆக வேண்டும். டிடிஎஸ் மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்தவற்றின் மொத்த அளவு, கடினத்தன்மை அல்ல. கடினத்தன்மைக்கான டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கி அளந்து மெஷினில் செட் செய்யுங்கள். குறைவாக வைத்தால் டம்ளரில் வெள்ளைப் படலம், தேவைக்கு மேல் வைத்தால் உப்பு விரயம். முதல்முறை மட்டும் உப்புத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய பிறகு உப்பைப் போட வேண்டும். எப்போது நிரப்பினாலும் உடனே ஒரு சைக்கிள் ஓட்டுங்கள். சிந்திய உப்பு ஸ்டீலை அரிக்கும். சமையல் உப்பு கூடவே கூடாது, அதிலுள்ள கலப்பு, தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரைக் கெடுக்கும்.

சோப்புக்கு மாத்திரையை விடப் பவுடர் சிக்கனம். லேசான லோடுக்கு 15 கிராம், பிசுக்கு அதிகமென்றால் 25. கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்ட் திரவம் இருந்தால், கூடுதலாக உலர்த்தும் ‘எக்ஸ்ட்ரா டிரை’ பெரும்பாலும் தேவைப்படாது. முடிந்ததும் கொஞ்ச நேரம் விட்டுக் கதவைத் திறந்துவைத்தால் ஸ்டீல் பாத்திரம் தானே உலரும்.

அலுமினிய இட்லித் தட்டு கறுத்துவிடும். இரும்பு தோசைக்கல்லில் பழக்கிய எண்ணெய்ப் பூச்சு போய்த் துருவேறும். இவை இரண்டுக்கும் கைக்கழுவல்தான்.