பூ நாரும் தலைமுடியும்: என் சக்கர நாற்காலியோடு நான்கு வருடம்

என்னுடையதைப் போலவே ஒரு சக்கர நாற்காலி வாங்கலாமா என்று திருச்சி நண்பர் கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பிவிட்டு, பிளேடும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

எடை, அகலம், மடிக்கும் விதம் எல்லாம் சொன்னபடியே இருக்கின்றன. விற்பவர் வாயே திறக்காத விஷயம், முன்னால் இருக்கும் அந்த ஐந்து அங்குலச் சக்கரம். மயிலாப்பூர் மாட வீதியை ஒருமுறை சுற்றி வந்தால் போதும். பூ கட்டிய வாழைநார், தலைமுடி, துணிக்கடை நூல் என்று தெருவில் கிடப்பதெல்லாம் அதன் அச்சில் ஏறிக்கொள்ளும். முதலில் லேசாக இழுக்கும். பிறகு நேராகத் தள்ளினாலும் இடப்பக்கம் ஒதுங்கும். இந்த முறை அறுத்தெடுத்த கொத்தில் காய்ந்த மல்லிகை மொட்டு ஒன்று முழுசாக இருந்தது. வாசனைதான் இல்லை.

முடி உள்ளே நுழைந்து பேரிங்கையும் கெடுத்திருந்தது. விற்ற இடத்தில் கேட்டால் பேரிங் மட்டும் தர மாட்டார்களாம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையோடு சேர்த்து முழு செட்டாக மாற்ற வேண்டுமாம், 3,800 ரூபாய், மூன்று வாரம் ஆகுமாம். மூன்று வாரம் நான் எதில் நடமாடுவது என்று அந்தப் பையனிடம் கேட்டேன். பாவம், அவன் என்ன செய்வான். பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் 608 என்று எண் தெரிந்தது. உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22. பிள்ளைகளின் ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கும் அதே பேரிங்! சக்கரத்துக்கு இரண்டு வீதம் நான்கு வாங்கினேன். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

சாய்தளத்திலும் இதே சக்கரம்தான் வம்பு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. நம் ஊரிலோ மூன்றடியில் சிமெண்டைச் சரித்துவிட்டுப் பெயிண்டில் சக்கர நாற்காலிப் படமும் வரைந்துவிடுவார்கள். அதன் அடிவிளிம்பில் சக்கரம் குத்தி நிற்கும், நான் முன்னால் சரிவேன்.

ஆனால் பின் சக்கரங்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நடுவில் ஒரு பொத்தானை அழுத்தினால் கையோடு வந்துவிடுகின்றன. முன்பெல்லாம் நாற்காலியைக் கண்டதும் வேகமெடுத்த ஆட்டோக்காரர்கள் இப்போது நிற்கிறார்கள். சக்கரம் இரண்டும் என் மடியில், மற்றது காலடியில். 2024-இல் சென்னையில், நாற்காலியோடு அப்படியே ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு கழற்றும் வேலைகூடப் பல நாள் இல்லை.

எங்களைப் போன்றவர்கள் கடலருகே போக மெரினா மணலில் போட்ட மரப்பாதையைச் சொல்லாமல் விட முடியாது. 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், டிசம்பரில் மாண்டஸ் புயல் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். அந்த 263 மீட்டரிலும் இந்த நாற்காலி வெண்ணெயில் கத்தி போனதுபோல் போயிற்று. உப்புக்காற்று முகத்தில் அடிக்கக் கடைசிப் பலகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் தூக்காமல். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேரிங் முழுக்க மணல்.

நண்பருக்கு "வாங்காதீர்கள்" என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் இன்னொன்று எழுதினேன்: வாங்குவதானால் ஆறு அங்குல முன் சக்கரம் போட்டுத் தரச் சொல்லுங்கள், எட்டு வேண்டாம், திரும்பும்போது குதிகாலில் இடிக்கும். பிளேடு நானே தருகிறேன்.